மனநலத் தேவை மதிப்பீடும் வல்லுநர் பயிற்சியும் (இந்தியா)

ஒரு வட்டாரத்தில் எத்தனை பேருக்கு மனநல மருத்துவம் தேவை, அவர்களில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது என்று கணக்கெடுத்து, அந்தக் குறையை நிரப்பும் ஆட்களை உருவாக்கும் பணி இது.

மருத்துவமனைப் பதிவேடு கணக்கெடுப்புக்கு உதவாது. வந்தவர் பெயர்தான் அதில் இருக்கும். வீட்டிலேயே ஒளித்து வைக்கப்பட்டவர் இருக்க மாட்டார். அதனால் வீடு வீடாகச் சென்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. அப்படி 12 மாநிலங்களில் பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்தியதே 2015–16 தேசிய மனநல ஆய்வு. தமிழ்நாடும் அதில் இடம்பெற்றது. பெரியவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருந்தது. பெரும்பாலோருக்குச் சிகிச்சை எட்டவில்லை. மனநல மருத்துவர்களோ, லட்சம் பேருக்குக் கேரளத்தில் 1.2, மத்தியப் பிரதேசத்தில் 0.05.

இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. வீடற்றவர்களும் வழிபாட்டிடங்களில் விடப்பட்டவர்களும் வீட்டுக் கணக்கெடுப்பில் வருவதில்லை. ஏர்வாடி தர்காவை ஒட்டிய மனநோயாளர் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீயில் மாண்டவர்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். அத்தகையோரை எண்ணாத மதிப்பீடு, தேவை மிகுந்தவரையே விட்டுவிடுகிறது.

குறையை நிரப்பும் ஆட்களை உருவாக்கவும் காலம் பிடிக்கிறது: மனநல மருத்துவத்தில் எம்.டி. படிக்க 3 ஆண்டுகள், மருத்துவ உளவியலில் எம்.ஃபில். பெற 2 ஆண்டுகள். இந்த வேகத்தில் வல்லுநர்கள் போதிய அளவில் உருவாகும்வரை நோயாளிகள் காத்திருக்க முடியாது. இதை 1970களிலேயே உணர்ந்தவர்கள் சண்டிகரின் மனநல மருத்துவர் என். என். விக் போன்றோர். அரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும் பெங்களூரை அடுத்த சகலவாராவிலும், ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்களுக்கே மனநோயை இனங்காணக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். அந்த அனுபவத்தின் மேல் 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1980களின் நடுவில் கர்நாடகத்தின் பெல்லாரியில் ஒரு மாவட்டம் முழுவதிலும் அதைச் சோதித்தார்கள். மனச்சிதைவு, மனச்சோர்வு, வலிப்பு ஆகியவற்றை அறிந்து, சில அடிப்படை மருந்துகள் கொடுத்து, மாதந்தோறும் பின்தொடரப் பொது மருத்துவர்கள் பழகினார்கள். 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இதன் வழிவந்தது. திருச்சி அதன் முதல் மாவட்டங்களுள் ஒன்று.

வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுப்பது எளிது. பயின்ற மருத்துவர் இடமாறினாலோ, மருந்து இருப்பு தீர்ந்தாலோ நோயாளி பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறார். ஆகவே பயிற்சிக்குப் பிந்தைய துணையே முக்கியம். சிக்கலான நோயாளியைப் பற்றி, சுகாதார நிலையத்தில் இருந்தபடியே காணொளியில் நிபுணரிடம் கேட்டுத் தெளியும் ஏற்பாட்டை நிம்ஹான்ஸ் இப்போது நடத்திவருகிறது.