சரக்குந்துத் துணை விளக்கு

துணை விளக்கு என்பது சரக்குந்துகளில் (லாரி) முகப்பு விளக்கிற்குத் துணையாகப் பொருத்தப்படும் கூடுதல் விளக்கு ஆகும். இது நெடுந்தொலைவு விளக்கு, பனி விளக்கு என இரு வகைப்படும். முன்னது ஒளியைக் குறுகிய கற்றையாகத் தொலைவிற்குச் செலுத்துகிறது. பின்னது தாழ்வாகப் பொருத்தப்பட்டு, அகன்ற தட்டையான கற்றையைத் தருகிறது. மூடுபனியில் நெடுந்தொலைவு விளக்கை எரித்தால், நீர்த்துளிகளில் ஒளி சிதறி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பும். பாதை முன்னிலும் மங்கும்.

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளின் சரக்கு சென்னைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 48, அணைக்கட்டு வட்டத்தில் பள்ளிகொண்டா வழியே செல்கிறது. இது நடுத்தடுப்பு உடையது. உட்சாலைகள் பலவும் அவ்வாறல்ல. அங்கு எதிரே வரும் இருசக்கர வாகன ஓட்டியின் பார்வை கண்கூச்சத்தால் சில நொடிகள் மறையக்கூடும். ஆகவே தாழ்கற்றைக்கு மாறும்போது துணை விளக்கும் அணையுமாறு இணைத்தல் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 111ஆம் விதி, பதிவு அதிகாரியின் முன் ஒப்புதலின்றித் தேடு விளக்குகளை முன்புறம் பொருத்தத் தடை செய்கிறது.

கனரகச் சரக்குந்துகள் பெரும்பாலும் 24 வோல்ட்டு மின்னழுத்தத்தில் இயங்குகின்றன. 70 வாட்டு ஆலசன் குமிழ்கள் இரண்டு ஏறத்தாழ 5.8 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். இதனைச் சுவிட்சு வழியே நேராகச் செலுத்தாமல் ரிலே, உருகி (பியூஸ்) ஆகியவற்றின் வழியாகச் செலுத்துவர். மகிழுந்துக்கான 12 வோல்ட்டுக் குமிழை மாட்டினால் எரிந்துபோகும். ஆலசன் குமிழின் கண்ணாடியை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப்பசை சூடேறிக் குமிழ் விரைவில் பழுதாகும். ஒளி மங்கினால், குமிழை மாற்றுமுன் எர்த்துக் கம்பி சட்டகத்துடன் சேரும் இடத்தில் துருவைச் சுரண்டிப் பார்ப்பது நன்று. பல வேளைகளில் குறை அங்கேயே இருக்கும்.