'எழுதியாச்சு' என்றது லினக்ஸ்... நம்பியது டேட்டாபேஸ்! 20 ஆண்டுகள் கண்ணில் படாத போஸ்ட்கிரெஸ் சிக்கல் என்ன?

ஆன்லைனில் பணம் அனுப்புகிறீர்கள். சில நொடிகளில் பச்சை நிற டிக் வருகிறது. நிம்மதியாக போனை பாக்கெட்டில் போட்டுவிடுகிறீர்கள். அந்த டிக்குக்குப் பின்னால் எங்கோ ஒரு சர்வரில் இருக்கும் டேட்டாபேஸ், 'இந்தக் கணக்கை எழுதிவிட்டேன், இனி கரண்ட் போனாலும் அழியாது' என்று வாக்கு கொடுத்திருக்கிறது.

அந்த வாக்கை டேட்டாபேஸ் கொடுப்பது, தனக்குக் கீழே இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை நம்பித்தான். அந்த நம்பிக்கையே தப்பாக இருந்தால்?

2018 மார்ச் மாதம், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் டேட்டாபேஸை உருவாக்குபவர்கள் மத்தியில் இந்தக் கேள்விதான் வெடித்தது. அமெரிக்காவின் வாட்டர்கேட் ஊழலை நினைவுபடுத்தும் விதமாக 'எஃப்சிங்க்கேட்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

போஸ்ட்கிரெஸ் என்பது என்ன?

தகவல்களை அட்டவணை அட்டவணையாகச் சேமித்து, ஒன்றோடு ஒன்றைத் தொடர்புபடுத்தித் தேடித் தரும் மென்பொருள். 1986இல் அமெரிக்காவின் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 'போஸ்ட்கிரெஸ்' என்ற ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது. 1996இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று பெயர் மாறியது. முழுப் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் இன்றும் பலருக்கு அது 'போஸ்ட்கிரெஸ்'தான்.

இது ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம், உள்ளே இருக்கும் கோடைப் படிக்கலாம், மாற்றம் சொல்லலாம். எந்த ஒரு நிறுவனமும் இதற்கு முதலாளி இல்லை. இன்ஸ்டாகிராம் போன்ற பிரம்மாண்ட தளங்களும் இதைப் பயன்படுத்துகின்றன. முதலாளி இல்லாததால், பெரிய மாற்றம் எதுவாக இருந்தாலும் டெவலப்பர்கள் ஒருவரோடு ஒருவர் வாதாடித்தான் முடிவுக்கு வர வேண்டும். எஃப்சிங்க் விவகாரத்திலும் அதுதான் நடந்தது.

எஃப்சிங்க் என்றால் என்ன?

பழைய மளிகைக் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி கையில் சிட்டை இருக்கும். வியாபாரம் நடக்க நடக்க வரிசையாக அதில் குறித்துக்கொள்வார். உள்ளே ஒரு பெரிய பேரேடு இருக்கும். யார் பெயரில் எவ்வளவு பாக்கி என்ற சரியான கணக்கு அதில்தான்.

ஒவ்வொரு வியாபாரத்துக்கும் எழுந்துபோய்ப் பேரேட்டைப் புரட்டினால் கடை நடக்காது. அதனால் முதலாளி முதலில் சிட்டையில் எழுதுவார். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கணக்குப்பிள்ளையிடம் கொடுப்பார். 'நேரம் கிடைக்கும்போது பேரேட்டில் ஏத்திடு.' அவ்வப்போது, 'எல்லாம் ஏத்தியாச்சா?' என்று கேட்பார். 'ஏத்தியாச்சு' என்று பதில் வந்தால், சிட்டையின் பழைய பக்கங்களைக் கிழித்துப் போடுவார்.

போஸ்ட்கிரெஸ் வேலை செய்யும் விதமும் கிட்டத்தட்ட இதேதான். சிட்டைக்கு அங்கே 'ரைட் அஹெட் லாக்' என்று பெயர். பேரேடு என்பது டிஸ்க்கில் இருக்கும் டேட்டா ஃபைல்கள். கணக்குப்பிள்ளை, லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல். துண்டுச் சீட்டுகள் மெமரியில் காத்திருக்கும் இடம் 'பேஜ் கேச்'. கொடுத்தவுடனே கெர்னல் டிஸ்க்கில் எழுதிவிடாது. வழக்கமாக சுமார் அரை நிமிடம் வைத்திருந்து, வசதிப்பட்டபோது எழுதும்.

'எல்லாம் ஏத்தியாச்சா?' என்ற கேள்விதான் எஃப்சிங்க். கேட்டு உறுதி செய்து பழைய சிட்டையைக் கழிக்கும் வேலைக்கு 'செக்பாயிண்ட்' என்று பெயர். அமைப்பை மாற்றாவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒரு முறை நடக்கும்.

சிக்கல் எங்கே?

டிஸ்க் எப்போதும் ஒழுங்காக இருக்காது. கேபிள் லூஸ் ஆகலாம், நெட்வொர்க் வழியாக இணைத்த ஸ்டோரேஜ் ஒரு கணம் துண்டிக்கப்படலாம், இடம் தீர்ந்துபோகலாம். அப்படி ஒரு முறை எழுத முடியாமல் போனால், எஃப்சிங்க் கேட்கும்போது கெர்னல் 'எரர்' என்று சொல்லும்.

போஸ்ட்கிரெஸ் அப்போது என்ன செய்தது? 'சரி, இந்த முறை முடியல, அடுத்த முறை பார்ப்போம்' என்று அந்த செக்பாயிண்டைக் கைவிட்டு, கொஞ்சம் கழித்து மறுபடி எஃப்சிங்க் கேட்டது. இந்த முறை 'சரி' என்று பதில் வந்தது. உடனே பழைய சிட்டையைக் கழித்துவிட்டது.

கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கு? ஆனால் நடந்தது வேறு. முதல் முறை எழுத முடியாமல் போனதும், லினக்ஸ் அந்தத் துண்டுச் சீட்டை 'வேலை முடிந்தது' என்று குறித்துவிடும். அதன் பிறகு மெமரி தேவைப்பட்டால் அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடும். இரண்டாவது முறை கேட்டபோது அது சொன்ன 'சரி'க்கு அர்த்தம், 'நீ கடைசியாகக் கேட்டதற்குப் பிறகு வந்த பாக்கி எதுவும் என் கையில் இல்லை' என்பதுதான். போஸ்ட்கிரெஸ் அதை 'இதுவரை கொடுத்த எல்லாமே பேரேட்டில் ஏறிவிட்டது' என்று புரிந்துகொண்டது.

யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் பேரேட்டிலும் கணக்கு இல்லை, சிட்டையிலும் இல்லை.

கிரெய்க் ரிங்கர் என்ற டெவலப்பர்தான் இதை வெளியே கொண்டுவந்தார். ஸ்டோரேஜில் கோளாறு ஏற்பட்ட ஒரு பயனரின் டேட்டா கெட்டுப்போனதை அவர் ஆராய்ந்தபோது, அந்தச் சேதத்தில் போஸ்ட்கிரெஸுக்கும் பங்கு இருப்பது தெரிந்தது. எஃப்சிங்க் தோற்றால் திரும்பக் கேட்கக் கூடாது, டேட்டாபேஸ் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பது அவரது வாதம்.

இது ஏன் அவ்வளவு ஆபத்து?

டேட்டாபேஸ் நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும். போன் பறக்கும், ஆட்கள் ஓடி வருவார்கள். இங்கே எதுவும் நிற்கவில்லை என்பதுதான் பிரச்னை. லாக்கில் ஒரே ஒரு எரர் வரி, அவ்வளவுதான். யாரும் அதைக் கவனிக்காவிட்டால், தொலைந்த பக்கத்தை யாராவது தேடிப் படிக்கும் வரை விஷயம் வெளியே வராது. அது வாரங்கள் கழித்தும் நடக்கலாம். அதற்குள் அந்தத் தவறான ஃபைல்களே பேக்கப்பிலும் போய் உட்கார்ந்திருக்கும்.

'செக்சம்' என்ற சரிபார்ப்பு எண்ணாவது காட்டிக்கொடுக்காதா? கொடுக்காது. டிஸ்க்கில் இருப்பது கிழிந்த பக்கம் அல்ல, பழைய பக்கம். பழைய பக்கத்துக்குப் பழைய செக்சம் சரியாகவே பொருந்தும்.

கெர்னல் ஏன் இப்படிச் செய்கிறது?

இந்தக் கேள்வியில் இருந்துதான் உண்மையான வாக்குவாதம் தொடங்கியது. எழுத முடியாத தகவலைத் தூக்கிப் போடுவது அநியாயம் இல்லையா என்று டேட்டாபேஸ் தரப்பு கேட்டது. லினக்ஸ் தரப்பில், எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தைப் பராமரிக்கும் டெட் சோ சொன்ன காரணம் சுவாரஸ்யமானது: நடைமுறையில் இந்த எரர் அதிகம் வருவது, வேலை முடிவதற்கு முன்பே யாரோ பென் டிரைவைப் பிடுங்கிவிடுவதால்தான்!

பிடுங்கிய பென் டிரைவ் திரும்பி வருமா என்று கெர்னலுக்குத் தெரியாது. அதற்கான தகவலை எல்லாம் விடாமல் மெமரியில் வைத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் மெமரி நிரம்பி மொத்த கம்ப்யூட்டரும் திணறும். அதனால் தூக்கிப் போட்டுவிடுகிறது. அவர்கள் இடத்தில் இருந்து பார்த்தால் இதுவும் நியாயம்தான். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம், எழுத முடியாத பக்கத்தைப் பாக்கியாகவே வைத்துக்கொள்ளும். ஆக, ஒரே எஃப்சிங்க் கேள்விக்கு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஏற்ப அர்த்தம் மாறுகிறது.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. போஸ்ட்கிரெஸில் தகவலை எழுதுவது ஒரு புரோசஸ், எஃப்சிங்க் கேட்பது வேறொரு புரோசஸ். பழைய லினக்ஸில் ஒரு எரரை யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களிடம் மட்டும் சொல்லிவிட்டு மறந்துவிடும். சம்பந்தமே இல்லாத வேறொரு புரோகிராம் முதலில் கேட்டுவிட்டால், போஸ்ட்கிரெஸுக்கு எரர் வந்த தகவலே போய்ச் சேராது. 2017இல் வந்த லினக்ஸ் 4.13இல் இதை ஓரளவு சரி செய்தார்கள். ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் எரர் தனித்தனியாகச் சொல்லப்படும். ஆனால் எரர் நடந்த பிறகு ஃபைலைத் திறந்தவருக்கு? சொல்லாது. போஸ்ட்கிரெஸோ ஃபைல்களைத் தேவைக்கு ஏற்ப மூடித் திறந்துகொண்டே இருக்கும் ரகம்!

என்ன முடிவு எடுத்தார்கள்?

2018 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லினக்ஸ் ஸ்டோரேஜ் டெவலப்பர்களின் மாநாடு நடந்தது. போஸ்ட்கிரெஸ் தரப்பில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் நேரில் போய்ப் பேசினார். யாருக்கும் சொல்லப்படாத எரர் இருந்தால், அதன் பிறகு ஃபைலைத் திறப்பவருக்காவது ஒரு முறை சொல்லிவிடும்படி லினக்ஸ் அந்த ஆண்டே மாற்றப்பட்டது. ஆனால் எழுத முடியாத தகவலைத் தக்கவைத்துக்கொள்ளும் கோரிக்கை நடக்கவில்லை.

எனவே மீதியை போஸ்ட்கிரெஸ்தான் செய்ய வேண்டியிருந்தது. கெர்னலை நம்பாமல் டிஸ்க்கில் நேரடியாக எழுதும் 'டைரக்ட் ஐஓ' முறைக்கு மாறலாம் என்ற யோசனையும் வந்தது. ஆனால் அது பல ஆண்டு வேலை. இருக்கும் பயனர்களுக்கு உடனடியாக ஒரு வழி வேண்டும்.

கடைசியில் ரிங்கர் முதலில் சொன்னதுதான் நடந்தது. அவரும் தாமஸ் மன்ரோவும் எழுதிய மாற்றம் 2018 நவம்பரில் கோடில் சேர்ந்தது. எஃப்சிங்க் ஒரு முறை தோற்றால் போஸ்ட்கிரெஸ் 'பேனிக்' ஆகும். அதாவது வேண்டுமென்றே தன்னைத்தானே கிராஷ் செய்துகொள்ளும். சிட்டை விஷயத்தில் இது முன்பே இருந்த நடைமுறைதான். ரைட் அஹெட் லாக்கை எஃப்சிங்க் செய்ய முடியாவிட்டால் போஸ்ட்கிரெஸ் எப்போதுமே பேனிக் ஆகும். பேரேட்டுக்குத்தான் அந்தக் கண்டிப்பு இல்லாமல் இருந்தது.

கிராஷ் ஆனால் என்ன லாபம்? செக்பாயிண்ட் முடியாததால் சிட்டை கிழிக்கப்படவில்லை. டேட்டாபேஸ் மறுபடி எழும்போது, கடைசியாக முழுமையடைந்த செக்பாயிண்டில் இருந்து சிட்டையை வரி வரியாகப் படித்துப் பேரேட்டை மறுபடி எழுதும். காணாமல் போன சீட்டின் கணக்கும் அதில் வந்துவிடும். டிஸ்க் நிஜமாகவே செத்துப்போயிருந்தால் அதுவும் முடியாமல் போகும். ஆனால் அப்போது அட்மினுக்கு விஷயம் தெரிந்துவிடும், வேறு சர்வருக்கு மாறிக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. எத்தனை ஆயிரம் பேர் இணைப்பில் இருந்தாலும் அந்தக் கணத்தில் எல்லாரும் துண்டிக்கப்படுவார்கள். தாங்கள் பயன்படுத்தும் ஆபரேட்டிங் சிஸ்டம் தகவலைத் தூக்கிப் போடாது என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்காக 'டேட்டா சிங்க் ரீட்ரை' என்ற ஒரு செட்டிங் கொடுத்தார்கள். அதை ஆன் செய்தால் பழையபடி திரும்பக் கேட்கும். இயல்பாக அது ஆஃப்.

2019 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று வெளியான 11.2, 10.7, 9.6.12, 9.5.16, 9.4.21 ஆகிய ஐந்து பதிப்புகளிலும் இந்தத் திருத்தம் சேர்க்கப்பட்டது. போஸ்ட்கிரெஸில் பழைய பதிப்புகளின் நடத்தையை மாற்றுவதற்கு சாதாரணமாக யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அந்த வழக்கத்தையே இங்கே தளர்த்தினார்கள் என்றால் விஷயத்தின் தீவிரம் புரியும். அதே மாதம் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஃபாஸ்டெம் மாநாட்டில், 20 ஆண்டுகளாக எஃப்சிங்க்கைத் தப்பாகப் பயன்படுத்தியது எப்படி என்பதையே தலைப்பாக வைத்து டாமஸ் வோண்ட்ரா என்ற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் பேசினார். சொந்தத் தவறை மேடை போட்டுச் சொல்வதற்கும் ஒரு மனசு வேண்டும்!

மற்ற டேட்டாபேஸ்கள் தப்பித்தனவா?

இல்லை. போஸ்ட்கிரெஸ் விவகாரத்தைப் பார்த்து மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி, மாங்கோடிபியின் வயர்டுடைகர் ஆகியவையும் திரும்பக் கேட்பதை நிறுத்தின.

2020இல் விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரெடிஸ், எல்எம்டிபி, லெவல்டிபி, எஸ்க்யூலைட், போஸ்ட்கிரெஸ் ஆகிய ஐந்தையும் மூன்று ஃபைல் சிஸ்டங்களில் வைத்து, வேண்டுமென்றே எஃப்சிங்க்கைத் தோற்கடித்துச் சோதித்தார்கள். எந்த ஒரு உத்தியும் முழுமையாகப் போதவில்லை என்பதுதான் முடிவு. கிராஷ் ஆகி எழுந்த பிறகும் புரோகிராம் படிப்பது பேஜ் கேச்சில் இருக்கும் நகலாக இருக்கலாம். அது டிஸ்க்கில் இருப்பதோடு ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இப்போது நிலைமை என்ன?

டைரக்ட் ஐஓ யோசனை கைவிடப்படவில்லை. 2023இல் வந்த போஸ்ட்கிரெஸ் 16இல், டெவலப்பர்கள் சோதித்துப் பார்ப்பதற்கான ஒரு செட்டிங்காக அது எட்டிப் பார்த்தது. டைரக்ட் ஐஓவை நிஜமாகப் பயன்படுத்த வேண்டும் என்றால், கெர்னல் இதுவரை செய்து கொடுத்த முன்கூட்டிப் படித்து வைக்கும் வேலையை டேட்டாபேஸே செய்தாக வேண்டும். அதற்கான அடித்தளமான 'அசின்க்ரனஸ் ஐஓ', 2025 செப்டம்பரில் வெளியான போஸ்ட்கிரெஸ் 18இல் வந்தது. ஒரு படிப்பு முடியும் வரை காத்திருக்காமல் அடுத்தடுத்த படிப்புகளுக்கும் சேர்த்தே டிஸ்க்கிடம் கேட்டு வைக்கும் வசதி இது. அந்தப் பதிப்பில் படிப்பதற்கு மட்டும்தான் கிடைக்கிறது. எழுதும் வேலை இன்னும் கெர்னலின் பேஜ் கேச் வழியாகவே போகிறது.

'டேட்டா சிங்க் ரீட்ரை' செட்டிங்கும் அப்படியே இருக்கிறது. இயல்பு நிலை: ஆஃப்.