நிற்கும் சைக்கிளின் கனம்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் வடக்கே போனால் ஊரை ஒட்டியே வேங்கிக்கால் வந்துவிடும். 1989இல் வட ஆர்க்காடு பிரிந்து தனி மாவட்டம் உருவான பிறகு கலெக்டர் அலுவலகம் இங்கே அமைந்தது. அரசு ஊழியர் குடியிருக்கும் இதுபோன்ற ஊர்களில் மாற்றல் உத்தரவு வந்தால் கட்டில், பீரோவோடு உடற்பயிற்சி சைக்கிளும் கைமாறும். வாங்கியவர் ஆசையோடு ஏறி மிதிப்பார், கனத்தைக் கூட்டும் குமிழைத் திருகுவார். எத்தனை திருகினாலும் கால் காற்றில் சுற்றுவது போலவே சுற்றும். “டைட்டே ஏற மாட்டேங்குது” என்பதுதான் பழைய சைக்கிள் வாங்கியவர்களின் முதல் குறை.

ஓடுகிற சைக்கிளுக்கு மேடும் எதிர்காற்றும் கனத்தைத் தாமாகவே கொடுத்துவிடுகின்றன. நிற்கிற சைக்கிளுக்கு அதை யாராவது செய்து வைக்க வேண்டும். இந்தக் கருவியின் வரலாறு முழுக்க அந்தக் கனத்தைத் தேடிய வரலாறுதான்.

நம் தெருக்களில் நின்றபடி மிதிபட்ட சைக்கிள் ஒன்று உண்டு. சாணைக்காரர் தம் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்திலிருந்து வாரை இழுத்துச் சாணைக்கல்லில் மாட்டுவார். அரிவாள்மணையைக் கல்லில் லேசாகத் தொட்டால் மிதி லேசாக இருக்கும். அழுத்தினால் கால் கனக்கும். கையின் அழுத்தம் காலின் சுமையாகிவிடுகிறது. உராய்வால் கனம் ஏற்றும் உடற்பயிற்சி சைக்கிளுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

லண்டனில் பிரான்சிஸ் லோண்ட்ஸ் 1796இல் ‘ஜிம்னாஸ்டிகான்’ என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார். சைக்கிளே பிறக்காத காலம் அது. கையையும் காலையும் சேர்த்துச் சுழற்றும் மரச்சட்டகம். முடக்குவாதம் முதலிய நோய்களுக்கு மருந்தாக அதை முன்வைத்தார்கள். பின்னர் இந்த யோசனையை மருத்துவரைவிட உடலியல் ஆய்வாளர்களே விடாமல் பிடித்துக்கொண்டார்கள். உடல் எவ்வளவு வேலை செய்தால் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகும் என்று அளக்க, கனத்தைத் துல்லியமாக நிறுத்தி வைக்கும் சைக்கிள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அமெரிக்காவில் பெனடிக்டும் கேடியும் 1912இல் மின்காந்தப் பிரேக் வைத்த சைக்கிளை விவரித்தார்கள். அடுத்த ஆண்டு கோபன்ஹேகனில் ஆகஸ்ட் க்ரோ தம்முடையதை வெளியிட்டார். 1920இல் நோபல் பரிசு பெற்றவர் இவர்தான்; பரிசு வேறு ஆய்வுக்கு, தசையின் நுண்குழாய்களில் ரத்தம் பாயும் முறையைக் கண்டதற்கு.

1954இல் ஸ்வீடன்காரர் ஃபான் டோபெல்ன் எளிய வழிக்குத் திரும்பினார். கனத்த சக்கரத்தைச் சுற்றி ஒரு நாடா, அதன் இழுவையைக் காட்ட ஓர் ஊசல், அவ்வளவுதான். மின்சாரமே வேண்டாம். ஸ்வீடனின் மோனார்க் நிறுவனம் செய்த நாடா சைக்கிள்கள் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களுக்குப் போயின.

இன்று வீடுகளில் அதிகம் காணப்படுவது காந்தவகை. அதைப் புரிந்துகொள்ளப் பழைய டைனமோ சைக்கிளை நினைத்தால் போதும். இரவில் விளக்குக்காக டைனமோவை டயரில் சாய்த்ததும் மிதி கனத்தது பலருக்கும் நினைவிருக்கும். உருளையின் உராய்வு ஒரு பங்கு. மின்சாரம் எடுப்பதற்குக் கொடுக்கும் விலை இன்னொரு பங்கு. உடற்பயிற்சி சைக்கிளில் விளக்கு இல்லை. உலோகச் சக்கரம் காந்தத்தின் அருகே சுழலும்போது சக்கரத்துக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் எழுந்து, அந்த அசைவையே எதிர்க்கிறது. பிரான்ஸில் ஃபூக்கோ 1855இல் காட்டிய விளைவு இது. காந்தம் சக்கரத்தைத் தொடுவதில்லை, அதனால் தேய்மானமும் இல்லை. மெதுவாக மிதித்தால் கனம் குறைவாகத்தான் இருக்கும், அது பழுதல்ல. இது தெரியாமல் நல்ல சைக்கிளைக் காயலான் கடைக்கு அனுப்புவது வருத்தமான விஷயம்.

ஆகவே பழுது பார்க்குமுன் தன் சைக்கிள் எந்த வம்சம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சக்கரத்தின் மேல் கம்பளித்துணியோ தோலோ ஒட்டிய கட்டை அழுத்தினால் அது சாணைக்கல் வம்சம். கட்டை தேய்ந்திருக்கும், அல்லது எண்ணெய் பட்டு வழுக்கும், காய்ந்துபோனால் கிறீச்சிடும். கட்டையை மாற்றுவதே தீர்வு. நாடா சுற்றிய வகையில் நாடா பளபளத்துத் தேய்ந்ததா, ஸ்பிரிங் துருப்பிடித்ததா என்று பார்க்கலாம். காந்தவகையில் காந்தங்கள் பதித்த பட்டையை ஒரு ஒயர் இழுக்கும்; குமிழைத் திருகும்போது அந்தப் பட்டை சக்கரத்தை நோக்கி நகர்கிறதா என்பதே முக்கியமான சோதனை. பட்டை நகர்ந்தும் கனம் மாறாவிட்டால், மிதியைச் சக்கரத்தோடு இணைக்கும் பெல்ட்டைச் சந்தேகிக்கலாம்.

பெல்ட் வழுக்குவதைத் தையற்காரர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். மிதி சுற்றும், சக்கரம் பின்தங்கும். அழுத்தி மிதித்தால் கால் திடீரென்று நழுவும். தையல் மெஷினின் தோல்வாரைப் போல இதை வெட்டிக் கிளிப் போட்டுச் சுருக்க முடியாது. பல மாடல்களில் இழுவை கூட்ட ஒரு சிறு கப்பி இருக்கும். அதை நகர்த்த வேண்டும், அல்லது பெல்ட்டையே மாற்ற வேண்டும்.

கைமாறிய சைக்கிளில் இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. டெம்போவில் ஏற்றக் கழற்றும்போது, ஹேண்டில் தண்டு அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில், குமிழிலிருந்து வரும் மேல் ஒயரும் பட்டையை இழுக்கும் கீழ் ஒயரும் பிரிக்கப்படும். திரும்பப் பூட்டும்போது திரைக்கான மின்கம்பியைச் சேர்த்தவர் இந்த ஒயரை மறந்திருப்பார், அல்லது கொக்கி அரைகுறையாக மாட்டியிருக்கும். குமிழைக் கடைசிவரை தளர்த்திவிட்டு, தண்டை மெல்லத் தூக்கி, ஓர் ஒயரின் குண்டு மற்றதன் கொக்கியில் உட்காரும்படி மாட்டி, ஒயர் நசுங்காமல் தண்டை இறக்கினால் குமிழ் மறுபடி பேசத் தொடங்கும். ஒயரே அறுந்திருந்தால் அதைச் சைக்கிள் கடைக்கு எடுத்துப் போகலாம். முனையும் நீளமும் பொருந்துகிற பிரேக் ஒயர் ஒன்று அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கக்கூடும்.