ஒரு பெட்டிக்குள் மூன்று காலங்கள்

காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது பூம்புகார். கடல் வழியே குதிரைகளும் நில வழியே மிளகு மூட்டைகளும் இவ்வூருக்கு வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை என்னும் சங்க நூல் கூறுகிறது. பழைய துறைமுகத்தின் பெருமை மறைந்துவிட்டது; ஆனால் சரக்குப் போக்குவரத்து மறையவில்லை. இன்று படகுகள் கரை சேர்ந்ததும், பனிக்கட்டி இட்ட மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சிறிய சரக்கு வேன்கள் சீர்காழிக்கும் மயிலாடுதுறைக்கும் விரைகின்றன. அறுவடை நாள்களில் இதே வகை வண்டிகள் சுற்றுப்புற ஊர்களிலிருந்து நெல் மூட்டைகளைச் சுமக்கின்றன.

மீன் காத்திருக்காது, பனிக்கட்டியும் காத்திருக்காது. வழியில் வண்டி நின்றால் ஒரு நாள் உழைப்பு வீணாகும். ஆகவே இவ்வண்டிகளை ஓட்டுவோர் கேட்க அஞ்சும் வாக்கியம் ஒன்று உண்டு: "கியர் பாக்ஸை இறக்கணும்." இறக்கினால் வண்டி பட்டறையில் நிற்க வேண்டும், செலவும் அதிகம். ஆனால் பல வேளைகளில் குற்றம் கியர் பெட்டியில் இருப்பதில்லை. கிளட்சிலோ எண்ணெயிலோ இருக்கும். இதை இறக்காமலே கண்டறிய முடியுமா? முடியும். அதற்குக் கியர் பெட்டி வளர்ந்த வரலாற்றை அறிந்திருப்பது பெரிதும் உதவும். ஏனெனில், ஒரு பெட்டிக்குள் மூன்று காலங்கள் ஒன்றாக வாழ்கின்றன. அவை ஒவ்வொன்றும் நோயுறும் விதம் வேறு.

எருதும் எஞ்சினும்

கியர் பெட்டி ஏன் தேவைப்படுகிறது? மாட்டு வண்டிக்கு அது தேவைப்படவில்லையே! சேற்றில் சக்கரம் புதைந்தால் எருது வேகத்தைக் குறைத்து, முழு வலிமையையும் திரட்டி இழுக்கிறது. நின்ற நிலையிலிருந்தே அதனால் பெருவிசையுடன் இழுக்க முடியும். எஞ்சினுக்கு இந்தத் திறமை கிடையாது. நிமிடத்திற்குச் சில நூறு சுற்றுகளுக்குக் கீழே வந்தால் அது நின்றே போகும். போதிய வேகத்தில் சுழன்றால்தான் அது தன் வலிமையைக் காட்டும்.

ஆகவே எஞ்சின் வேகமாகச் சுழல வேண்டும். சக்கரம் மெதுவாக, ஆனால் வலிமையாகச் சுழல வேண்டும். இவ்விரண்டையும் இணைத்து வைப்பவையே பற்சக்கரங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் கியரில் 4 மடங்கும், பின் அச்சில் 5 மடங்கும் வேகம் குறைகிறது என்று கொள்வோம். எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 முறை சுழன்றால் சக்கரம் 100 முறைதான் சுழலும். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் எனில் வண்டியின் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். வேகம் 20 மடங்கு குறைந்ததால், உராய்வில் வீணாவது போக, முறுக்கு விசை ஏறக்குறைய 20 மடங்கு பெருகும். நான்காம் கியரில் பெட்டி வேகத்தைக் குறைப்பதில்லை. பின் அச்சு மட்டுமே குறைக்கிறது. அதே எஞ்சின் வேகத்தில் இப்போது வண்டி மணிக்கு 48 கிலோமீட்டர் செல்லும். முறுக்கு விசையோ 5 மடங்குதான் பெருகும்.

முதற் காலம்: பல்லோடு பல் மோதியது

1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியில் இரு மகன்களுடன் மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்கு நெடும்பயணம் மேற்கொண்டார். சமவெளியில் ஓடிய வண்டி ஏற்றங்களில் திணறியது. இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. மேடேறுவதற்குத் தாழ்ந்த கியர் ஒன்று கூடுதலாக வேண்டும் என்று அவர் கணவரிடம் எடுத்துரைத்தார்.

1890-களில் பிரான்சு நாட்டின் பனார்-லெவாஸோர் நிறுவனத்தார் நழுவும் பற்சக்கரங்களைக் கொண்ட பெட்டியைத் தம் வண்டிகளில் கையாண்டனர். இரண்டு இணைத் தண்டுகள். ஒன்றின் மீதுள்ள சக்கரத்தைக் கோலால் நகர்த்தி, மற்றதன் சக்கரத்தோடு கோக்க வேண்டும். எளிய ஏற்பாடுதான். ஆனால் வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு சக்கரங்களின் பற்கள் பக்கவாட்டில் மோதிக்கொண்டன. 'கரகர' என்ற ஒலியோடு பல்முனைகள் சிதைந்தன.

பக்கவாட்டில் நழுவிக் கோக்க வேண்டியிருந்ததால் பற்களை நேராக வெட்டினர். நேர்ப்பற்கள் ஓடும்போது ஒருவித ஊளை ஒலி எழும். இந்தக் காலம் முடிந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். இன்றும் பல வேன்களில் பின்னோக்கிச் செல்லும் ரிவர்ஸ் கியர் இவ்வகையே. வண்டி பின்னோக்கி வரும்போது கேட்கும் அந்த ஊளை இயல்பானது, அது நோயன்று.

இரண்டாம் காலம்: கோத்தபடியே சுழன்றவை

பற்கள் மோதிச் சிதைவதைத் தடுக்க என்ன வழி? சக்கரங்களைப் பிரிக்காமலே வைத்துவிடுவது! எல்லாச் சோடிகளும் எப்போதும் கோத்தபடியே சுழலும். ஆனால் ஒவ்வொரு சோடியிலும் ஒரு சக்கரம் தன் தண்டின் மீது கட்டுப்படாமல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். கியர் போடும்போது, தண்டோடு பிணைந்த வளையம் ஒன்று நகர்ந்து, அந்தச் சக்கரத்தின் பக்கத்திலுள்ள சிறு கொக்கிப்பற்களைப் பற்றிக்கொள்ளும். உடனே சக்கரமும் தண்டும் ஒன்றாகிவிடும்.

மோதல் இங்கேயும் உண்டு. எனினும் அடி விழுவது பெரிய சக்கரங்களின் மீதன்று, கொக்கிப்பற்களின் மீதே. சக்கரங்கள் நழுவ வேண்டியதில்லை ஆதலால் அவற்றின் பற்களைச் சாய்வாக வெட்ட முடிந்தது. சாய்வுப்பற்கள் ஓசை குறைந்தவை. ஆனால் ஓட்டுநருக்கு வேலை குறையவில்லை. கீழ்க் கியருக்கு வரும்போது கிளட்சை மிதித்து, நியூட்ரலில் விட்டு, ஆக்ஸிலேட்டரை அழுத்தி, மீண்டும் கிளட்சை மிதித்துக் கியர் போட வேண்டியிருந்தது. இரட்டைக் கிளட்ச் என்னும் இவ்வித்தையில் தேர்ந்தவரே அக்காலத்தில் நல்ல ஓட்டுநர்.

மூன்றாம் காலம்: பித்தளை வளையம்

அமெரிக்காவில் ஏர்ல் தாம்ப்சன் என்பவர் கண்ட ஒத்திசைவு முறை 1928-ஆம் ஆண்டில் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. பின்னாளில் பரவிய இதன் வடிவத்தில், கொக்கிப்பற்கள் பற்றுவதற்கு முன், கூம்பு வடிவப் பித்தளை வளையம் ஒன்று சக்கரத்தை உராய்ந்து பிடிக்கிறது. இருவேறு வேகங்களும் ஒன்றாகும் வரை கியர் உள்ளே செல்லாமல் அதுவே தடுத்தும் நிற்கிறது. ஓட்டுநர் இரட்டைக் கிளட்சால் செய்த வேலையை இவ்வளையம் ஒரு நொடிக்குள் முடிக்கிறது.

இதிலுள்ள அறிவை நோக்குங்கள். தேய்மானத்தை மனிதன் ஒழிக்கவில்லை. விலை உயர்ந்த எஃகுப் பற்சக்கரத்திலிருந்து, மாற்றக்கூடிய சிறு வளையத்திற்கு அதை இடம் மாற்றினான்.

நம் நாட்டு வேன்கள்

சென்னை வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த சிறு வேன்கள் 1960-களிலிருந்து தமிழகச் சாலைகளில் ஓடின. புணே அருகே ஆக்குர்டியில் பஜாஜ் டெம்போ நிறுவனம் தயாரித்த மெட்டடார், 1970-களிலும் 1980-களிலும் புகழ்பெற்று விளங்கியது. எந்த வேனைக் கண்டாலும் மெட்டடார் என்றே அழைக்கும் அளவுக்கு அப்பெயர் ஊன்றிவிட்டது. 1980-களின் நடுவில் டொயோட்டா, மாஸ்டா, நிசான், மிட்சுபிஷி ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுறவில் இலகுரக சரக்கு வண்டிகள் வந்தன. டாடா 407 வந்ததும் 1986-இல்தான். பின்னர் 2005-இல் 702 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் கொண்ட டாடா ஏஸ், கிராமத்துச் சந்துகளுக்குள்ளும் நுழைந்தது.

பழைய வண்டிகள் பலவற்றில் முதல் கியருக்குப் பித்தளை வளையம் கிடையாது. வண்டி முழுதும் நின்ற பிறகே அதைப் போட வேண்டும். ஒரு வண்டியின் எந்தக் கியர் எந்தக் காலத்தது என்று அறிந்தவரே அதன் முறையீட்டைச் சரியாகப் புரிந்துகொள்வார்.

நோய் அறியும் முறை

இனி, நீங்களே வைத்தியராக இருந்து பாருங்கள்.

வண்டி நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது. முதல் கியரும் ரிவர்ஸும் கடித்துக்கொண்டு ஏறுகின்றன. எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டால் எல்லாக் கியர்களும் வழுக்கிக்கொண்டு விழுகின்றன. அப்படியானால் முதலில் ஐயப்பட வேண்டியது கியர் பெட்டியையன்று, கிளட்சையே. அது எஞ்சினை முழுதாக விடுவிக்கவில்லை. கிளட்ச் கேபிளைச் சரிசெய்வதோடு செலவு முடிந்துபோகலாம்.

ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும் கடிக்கிறதா? அக்கியரின் பித்தளை வளையம் தேய்ந்திருக்கும். இது மூன்றாம் காலத்து நோய்.

போட்ட கியர் தானே நழுவி நியூட்ரலுக்கு வருகிறதா? கொக்கிப்பற்களின் விளிம்பு மழுங்கியிருக்கலாம். கியரை நிறுத்தி வைக்கும் குண்டும் சுருள்வில்லும் தளர்ந்திருக்கலாம். நகர்த்தும் கவை தேய்ந்திருக்கலாம். இது இரண்டாம் காலத்து நோய். ஓடும்போது கியர் கம்பியின் மீது கையை ஊன்றி வைக்கும் பழக்கம் கவையைத் தேய்த்து இந்நோயை வரவழைக்கும்.

நியூட்ரலில், கிளட்சில் கால் வைக்காதபோது இரைச்சல், மிதித்தால் அடங்குகிறது. பெட்டியின் பேரிங்குகளைச் சோதிக்க வேண்டும். மாறாக, மிதிக்கும்போதுதான் இரைச்சல் எழுகிறது எனில் கிளட்சின் ரிலீஸ் பேரிங் பழுது.

பின் சக்கரங்களால் இயங்கும் வண்டிகளில் இன்னும் ஒரு சோதனை உண்டு. எஞ்சினும் வெளித்தண்டும் நேராக இணையும் நேர் கியரில் மட்டும் இரைச்சல் குறைந்து, மற்றவற்றில் மிகுதியாக இருந்தால், பக்கத் தண்டே குற்றவாளி. நேர் கியரில் அதன் மீது சுமை ஏறுவதில்லை அல்லவா?

எண்ணெய் சொல்லும் செய்தி

பெட்டியைப் பிரிக்காமல் அதன் உள்ளே பார்க்கும் கண்ணாடி, வடிக்கும் எண்ணெய்தான். வடிகால் மூடியில் காந்தம் இருந்தால் எஃகுத் துகள்கள் அதில் ஒட்டும். சில்லுகளாக ஒட்டினால் பற்களோ பேரிங்குகளோ உடைந்திருக்கும். காந்தத்தில் ஒட்டாமல் பொன்னிறமாக மின்னும் தூள் பித்தளை வளையத்தினுடையது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள்.

காவிரிப் படுகையில் கடைசியாகச் சொன்னதை மறக்கக் கூடாது. மழைக்காலத்தில் சாலைமீது வெள்ளம் ஓடும். ஓடிச் சூடேறிய பெட்டி திடீரென நீரில் இறங்கினால் என்ன ஆகும்? உள்ளிருக்கும் காற்று 80 பாகை செல்சியசிலிருந்து 30 பாகைக்குக் குளிர்ந்தால், தனி வெப்பநிலைக் கணக்கில் 353-இலிருந்து 303-க்கு இறங்குகிறது. அதாவது 100-க்கு 14 பங்கு சுருங்கும். ஒரு லிட்டர் காற்றிடம் இருந்தால் 140 மில்லிலிட்டர் குறைவு. அதை நிரப்ப, காற்றுத் துளை வழியாகவும் ஆயில் சீல்களின் விளிம்பு வழியாகவும் வெளிநீர் உறிஞ்சப்படும். கடலோரத்தில் அது உப்பு நீராகவும் இருக்கலாம். வெள்ளத்தில் இறங்கிய வண்டிக்கு எண்ணெயைச் சோதிப்பது, பேரிங்குகளைத் துருவிலிருந்து காக்கும் மலிவான மருந்து.

எண்ணெயிலும் வகை உண்டு. பின் அச்சுக்கென ஆக்கிய ஜி.எல்-5 வகை எண்ணெய்கள் சிலவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள், எஃகைக் காத்தாலும் பித்தளையை அரிக்கும். பித்தளை வளையமுள்ள பெட்டிகள் பலவற்றுக்கு ஜி.எல்-4 வகையே விதிக்கப்பட்டிருப்பது இதனால்தான். உயர்ந்த எண் உயர்ந்த எண்ணெய் என்று எண்ணி, கையேடு சொல்லாததை ஊற்றினால் காக்க வேண்டிய எண்ணெயே கெடுக்கும்.

நாடி பார்க்கும் வைத்தியர் உடலை அறுப்பதில்லை. கியர் பெட்டிக்கும் காது, கை, எண்ணெய் என மூன்று நாடிகள் உண்டு. அவற்றைப் பார்த்த பிறகே பெட்டியை இறக்குவதா வேண்டாவா என்று முடிவு செய்ய வேண்டும். அடுத்த முறை உங்கள் தெருவில் ஒரு சரக்கு வேன் பின்னோக்கி வரும்போது செவி கொடுத்துக் கேளுங்கள். அதன் நேர்ப்பற்களின் ஊளையில் 1890-களின் குரல் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்.