நாக்ட்கெபோரன்: ஓர் ஒல்லாந்தக் குடும்பப் பெயரின் வரலாறு

ஒல்லாந்தரின் குடும்பப் பெயர்களுள் கேட்டவுடன் நகைப்பூட்டுவது நாக்ட்கெபோரன். சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் 'அம்மணமாய்ப் பிறந்தவர்' என்றாகும். இதற்கு வழங்கும் கதை சுவையானது. 1810இல் நெதர்லாந்தைப் பிரான்சுடன் இணைத்துக்கொண்ட நெப்போலியன், 1811 ஆகஸ்ட் 18ஆம் நாள் ஆணையால், குடிகள் யாவரும் நிலையான குடும்பப் பெயரைப் பதிய வேண்டுமென்றான். அந்நியர் ஆட்சி நீடியாது என நம்பிய குறும்பர் சிலர், அலுவலரை ஏய்க்க இத்தகைய பெயர்களைச் சொல்லிவைத்தனராம். ஆட்சி போயிற்று, பெயர் நின்றது.

கதை நன்று, ஆவணம் அதற்கு இடந்தரவில்லை. 1811க்கு நெடுங்காலம் முன்பே இப்பெயர் வழக்கில் இருந்தது. அன்று புதுப்பெயர் தேடவேண்டியிருந்தோர் பெரும்பாலும் பிரீஸ்லாந்து, டிரெந்தே முதலிய வட, கிழக்குப் பகுதியினர். தந்தை பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே வாழ்ந்தவர்கள். மேற்கே ஹாலந்தில் பலர்க்கும் குடும்பப் பெயர் முன்னரே உண்டு.

ஜெர்மானிய 'நாக்கெபோரன்' என்பதன் திரிபே இது எனப் பெயராய்வார் கருதுவர். 'பின் பிறந்தவர்', அதாவது தந்தை இறந்தபின் பிறந்த பிள்ளை என்பது அதன் பொருள். அவ்வாறாயின், ஊரார் நகைக்கும் பெயருக்குள் ஒரு கைம்பெண்ணின் துயர் அடங்கியிருக்கிறது.

டி யோங், யான்சன், டி ஃபிரீஸ் என்னும் பெயர்களைப் பல்லாயிரவர் தாங்குகின்றனர். நாக்ட்கெபோரனைத் தாங்குவோர் மிகச் சிலரே. நகைப்புக்கிடமான பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டமே வழிவிடுகிறது. மேலும், 1998 வரை மணவழிப் பிறந்த பிள்ளைக்குத் தந்தை பெயரே வந்தது. பெண்மக்கள் மட்டுமே பிறந்த வீட்டில் பெயர் அவர்களோடு அற்றது. 2024 முதல் தாய், தந்தை இருவர் பெயரையும் இணைத்தே பிள்ளைக்குச் சூட்டலாம்.