அடையாற்றில் செல் சுழற்சி: புற்றுநோய்ச் சிகிச்சையின் கால ஒழுங்கு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

செல் சுழற்சி எவ்வாறு ஒழுங்குபடுத்தப்படுகிறது என்பதன் வரலாறு பெரும்பாலும் மூன்று ஆய்வுக்கூடங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஈஸ்ட்டில் பிரிவு தடைப்பட்ட பிறழ்வுகளைத் தொகுத்த லேலண்ட் ஹார்ட்வெல், பிளவு ஈஸ்ட்டில் அப்பிரிவை முடுக்கும் மரபணுவை ஆராய்ந்த பால் நர்ஸ், 1982இல் கடல் முள்ளெலி முட்டைகளில் சைக்ளின் என்னும் புரதத்தைக் கண்ட டிம் ஹண்ட் ஆகிய மூவருக்கும் 2001ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தபின் இவ்வரலாற்று வடிவம் உறுதிப்பட்டுவிட்டது. இதில் மருத்துவமனைக்கு இடமில்லை. கண்டுபிடிப்பு முடிந்தபின் அதைப் பயன்படுத்தும் இடமாகவே அது கருதப்படுகிறது. இந்த வரிசைமுறை பொருந்துமா என்பதை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் முதல் மூன்று பத்தாண்டுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மருத்துவமனையில் உருவான கருத்தாக்கம்

செல் சுழற்சியை நான்கு நிலைகளாகப் பகுக்கும் முறையே ஒரு மருத்துவமனை வளாகத்தில்தான் தோன்றியது. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையின் கதிரியக்க ஆய்வுப் பிரிவில் பணியாற்றிய ஆல்மா ஹோவர்டும் ஸ்டீபன் பெல்க்கும் அவரை இன விதையொன்றின் வேர்நுனிகளில் கதிரியக்கப் பாஸ்பரஸைச் செலுத்தினர். அதுவரை ‘ஓய்வு நிலை’ எனப்பட்ட இடைநிலையின் நடுவே, வரையறுக்கப்பட்ட ஒரு காலப்பகுதியில் மட்டுமே டி.என்.ஏ. இரட்டிப்பாகிறது என்று அவர்கள் காட்டினர். அதற்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளே ஜி1, ஜி2 எனப் பெயர்பெற்றன. அவர்களது கட்டுரை வெளிவந்த ஆண்டு 1953.

அடுத்த ஆண்டு, 1954 ஜூன் 18 அன்று, அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நெடுநாள் முயற்சி அது. 1952 அக்டோபரில் ஜவாகர்லால் நேரு அடிக்கல் நாட்டியிருந்தார். பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிய அவ்விடத்தில் முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ்.கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் வி.சாந்தாவும் பணியாற்றினர். 1957இல் கனடாவிலிருந்து பெற்ற கோபால்ட்-60 கருவி நிறுவப்பட்டது.

பகுப்பு அளவும் தங்குமிடமும்

பிரிவு மிகுந்த செல்களையே கதிர் அதிகம் தாக்கும் என்பதை 1906இலேயே பெர்கோனியே, டிரிபோண்டோ ஆகிய இருவரும் கூறியிருந்தனர். 1960களின் தொடக்கத்தில் தெரசிமாவும் டோல்மாக்கும் மனிதச் செல் வளர்ப்புகளைக் கொண்டு அதனை நுட்பமாக்கினர்: ஒரே செல், பிரிவின்போது கதிருக்கு எளிதில் இரையாகிறது, டி.என்.ஏ. இரட்டிப்பின் பிற்பகுதியிலோ தாக்குப்பிடிக்கிறது. எனவே ஒரே நாளில் முழு அளவையும் செலுத்தினால் எதிர்ப்பு நிலையில் இருந்த செல்கள் எஞ்சிவிடும். சிறுசிறு அளவாக நாள்தோறும் செலுத்தினால், நேற்றுத் தப்பிய செல் இன்று சுழற்சியில் நகர்ந்து எளிதில் அழியும் நிலையை அடைந்திருக்கும். அருகிலுள்ள இயல்பான திசுவும் இடைவேளையில் தன்னைச் சீர்செய்துகொள்ளும். பகுப்பு அளவு முறை இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலேயே பிரான்சில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. அதன் உயிரியல் காரணங்களை விதர்ஸ் முறைப்படுத்தியதோ 1975இல்தான். இங்கே நடைமுறை முந்துகிறது, விளக்கம் பின்தொடர்கிறது.

இந்த உயிரியலுக்கு ஒரு சமூக விளைவும் உண்டு. நாள்தோறும் சிறு அளவு என்றால், நோயாளி பல வாரங்கள் சென்னையிலேயே தங்கவேண்டும். தொலைமாவட்டத்துக் கூலித் தொழிலாளிக்கு அது பல வார ஊதிய இழப்பு. பாதியில் ஊர் திரும்பினால், எஞ்சிய செல்கள் மீண்டும் பெருகும். முன்பு செலுத்திய அளவும் வீணாகும். அடையாற்றின் இலவச, சலுகைக் கட்டணச் சிகிச்சையைத் ‘தொண்டு’ என்ற சொல்லுக்குள் அடக்கிவிடுவது நம் வழக்கம். மருத்துவ நோக்கில் அது கதிர் அளவின் ஒரு பகுதி என்றே கொள்ளத்தக்கது.

பிளியோமைசின் ஆய்வு

வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் தென்னிந்தியாவில் மிகுந்திருந்த வாய்ப்புற்று, அடையாறு நேரடியாக எதிர்கொண்ட சிக்கலாகும். ஜப்பானிய அறிஞர் உமெசவா கண்டறிந்த பிளியோமைசின் ஜி2, பிரிவு நிலைகளிலுள்ள செல்களை மிகுதியாகத் தாக்குவது 1970களின் தொடக்கத்தில் தெரியவந்தது. கதிருக்கு எளிதில் இரையாகும் நிலைகளும் அவையே. சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் கதிருடன் பிளியோமைசினைச் சேர்த்து வாய்ப்புற்று நோயாளிகளிடம் மேற்கொண்ட ஒப்பாய்வின் முடிவுகள் 1977, 1980ஆம் ஆண்டுகளில் பிரித்தானியக் கதிரியல் இதழொன்றில் வெளியாயின. மருந்து பெற்றோரிடம் கட்டி மறைவு தெளிவாகக் கூடியிருந்தது.

இதனைத் தனிவெற்றியாக மட்டும் பாராட்டுவது ஆய்வு நேர்மையாகாது. ஐரோப்பாவில் நடந்த பெரிய ஒப்பாய்வு அத்தகைய பயனைக் காணவில்லை. பின்னர் சிஸ்பிளாட்டின் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. அடையாற்று நோயாளிகளின் புற்று கன்ன உட்பகுதியிலும், ஐரோப்பியருடையது பெரிதும் தொண்டைப் பகுதியிலும் இருந்தமை இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து. எப்படியாயினும், சைக்ளின் கண்டறியப்படுமுன்பே சுழற்சி நிலையைக் குறிவைத்த ஒரு சிகிச்சைக் கருதுகோள் சென்னையில் ஒப்பாய்வாகச் சோதிக்கப்பட்டுவிட்டது.

குழந்தைகளின் இரத்தப்புற்று

1984 முதல் மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ், அடையாறு ஆகிய மூன்றும் எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றின. அதிலுள்ள வின்கிரிஸ்டின் நம் தெருவோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருவது. பிரிவின்போது குரோமோசோம்களை இழுக்கும் கதிர்க்கோல் இழைகளைக் குலைக்கும். மெத்தோடிரெக்சேட்டும் மெர்காப்டோபூரினும் டி.என்.ஏ. இரட்டிப்பைத் தடுக்கும். உறங்கிக்கிடக்கும் செல் எப்போது சுழற்சிக்குள் நுழையும் என்பது தெரியாதாகையால், மாத்திரைகளை மாதக்கணக்கில் தொடரவேண்டும். முன்பு ஐவரில் ஒருவர்கூடப் பிழைக்காத நோயில், ஏறத்தாழப் பாதிப்பேர் நோய் திரும்பாமல் நான்காண்டைக் கடந்ததை 2005இல் வெளியான மூன்று மையங்களின் கூட்டறிக்கை பதிவுசெய்தது. அவ்வறிக்கை கணக்கிட்ட இழப்புகளுள் சிகிச்சைக் காலத் தொற்றால் நேர்ந்த இறப்புகளும் அடங்கும். புற்றுச் செல்லின் பிரிவைத் தடுக்கும் மருந்து எலும்பு மச்சையின் பிரிவையும் தடுத்தது. வெள்ளணுக்கள் குறைந்த அந்த வாரங்களில் தூய குடிநீரும், காய்ச்சல் கண்ட அன்றே மருத்துவமனையை அடையும் வசதியும் குழந்தையின் உயிரைத் தீர்மானித்தன.