தினமும் முழு மூச்சாக ஓடினால் வேகம் கூடுமா? இளம் ஓட்டக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

பத்தாங் காலியில் காலை ஏழு மணி. செம்பனைத் தோட்டப் பாதையில் மெரெந்தாஸ் டேசா பயிற்சி. நண்பன் முந்துகிறான், நீங்களும் விடுவதில்லை. நேற்றும் இதே கதை, நாளையும் இதே கதை. "கஷ்டப்பட்டாத்தானே ஜெயிக்க முடியும்?" என்கிறீர்களா? கஷ்டத்துக்கும் ஓர் அளவு உண்டு. அதைக் காட்டுவதுதான் 'அனரோபிக் த்ரெஷோல்ட்'.

அப்படின்னா என்ன?

ஓடும்போது தசைகளில் லேக்டேட் உருவாகும். மெதுவாக ஓடினால் உடல் அதையே எரிபொருளாகப் பயன்படுத்திவிடும். வேகம் கூடும்போது, ஒரு கட்டத்துக்குமேல் அது ரத்தத்தில் வேகமாகச் சேரத் தொடங்கும். அந்தக் கட்டம்தான் உங்கள் வரம்பு. நன்கு பயிற்சி பெற்றவர்கள் அந்த வேகத்தில் சுமார் ஒரு மணி நேரம் ஓடலாம்.

மறுநாள் கால் வலிக்கு லேக்டேட்தான் காரணமா? இல்லை. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் குறைந்துவிடும்.

இரண்டு மலேசியர்கள், இரண்டு வேகங்கள்

1985இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் பி. ராஜ்குமார் 800 மீட்டரை 1 நிமிடம் 47.37 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். அது வரம்புக்கு வெகு மேலே. அந்த வேகத்தில் நீண்ட நேரம் ஓட முடியாது.

1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றார். நேரம் 4 மணி 10 நிமிடம் 5 விநாடி, அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிடம். நான்கு மணி நேரம் தாங்க வேண்டுமென்றால் வரம்புக்குக் கீழேதான் போக வேண்டும்.

வரம்பை உயர்த்தினால், இன்று மூச்சு வாங்க வைக்கும் வேகம் நாளை எளிதாகும்.

உங்கள் வரம்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆய்வகத்தில் ரத்தத்துளி எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் சிறுவர்களுக்கு லேக்டேட் பொதுவாகக் குறைவாகவே சேரும். பெரியவர்களின் கணக்கு, '220 கழித்தல் வயது' சூத்திரம் இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். ஓடும்போது பேசிப் பாருங்கள்:

• முழு வாக்கியம் வருதா? எளிதான ஓட்டம்.
• மூன்று, நான்கு வார்த்தைதான் வருதா? வரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள்.
• "ம்" மட்டும்தானா? தாண்டிட்டீங்க!

வாரத்தில் என்ன செய்யலாம்?

• ஒரு நாள்: உடலைச் சூடாக்கியபின், வரம்புக்குப் பக்கத்தில் 5 நிமிட ஓட்டம், 3 அல்லது 4 முறை. இடையே ஓரிரு நிமிடம் மெதுவோட்டம்.
• மற்ற நாள்களில் பெரும்பாலும் பேசிக்கொண்டே ஓடும் வேகம். ஓய்வு நாளும் வேண்டும்.
• கெந்திங் நோக்கி ஏறும் சாலையிலோ வெயிலிலோ கைக்கடிகார வேகத்தைத் துரத்தாதீர்கள். அங்கே அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். மூச்சைக் கவனியுங்கள்.

வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே வலி வந்தால் பொறுத்துக்கொண்டு ஓடக்கூடாது. பயிற்றுநரிடமும் பெற்றோரிடமும் சொல்லுங்கள். வலி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

நாளைக் காலை நண்பன் முந்தினால், போகட்டும். உங்களால் முழு வாக்கியம் பேச முடியுதான்னு மட்டும் பாருங்க.